விடுமுறை யாருடையது?

ஏப்ரல் மாதத்தில் தேர்வுகள் முடிகிற தறுவாயில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "லீவு விட்டாச்சு, இதுகளை இனிமே எப்படிச் சமாளிக்கிறது?" ஆசிரியர் அறையில், பேருந்தில், கல்யாணப் பந்தியில் என்று எங்கும் இதைக் கேட்கிறேன். இப்படிக் கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் அவர்கள் கையாளும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். கடனைச் சமாளிக்கிறோம், வெள்ளத்தைச் சமாளிக்கிறோம், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரைச் சமாளிக்கிறோம். இந்த வரிசையில் ஐந்து வயதுக் குழந்தை எப்போது வந்து சேர்ந்தது?

இன்னும் சற்று நாகரிகமாகப் பேசுபவர்கள் 'சமாளிப்பது' என்று சொல்வதில்லை. 'எப்படி ஈடுபடுத்துவது', 'எப்படி மகிழ்விப்பது' என்பார்கள். வார இதழ்களின் இணைப்பிதழ்களும் அதே குரலில் விடுமுறையைப் பயனுள்ளதாக்கப் பத்து வழிகள், முப்பது நாளைக்கு முப்பது செயல்பாடுகள் என்று பட்டியல் போடும். இலக்கணம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. விளையாடுதல் தன்வினை. மகிழ்தல் தன்வினை. மகிழ்வித்தலும் ஈடுபடுத்துதலும் பிறவினைகள். தன்வினையில் குழந்தை எழுவாய். பிறவினையில் அது செயப்படுபொருள். நம் தலைமுறையில் கோடை விடுமுறைக்கு நேர்ந்த கதி இதுதான். எழுவாயாக இருந்த குழந்தையைச் செயப்படுபொருளாக மாற்றிவிட்டு, அதை மகிழ்விப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

குழந்தைகளை மகிழ்விக்க வேண்டிய கடமை பெற்றோருக்கு இல்லை என்பதே என் கட்சி. அவர்கள் தாமாக மகிழ்ந்திருப்பதற்கு வேண்டிய இடத்தையும் காலத்தையும் கூட்டாளிகளையும் கொடுக்கிற கடமையே உண்டு. இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை வெறிகொண்டு செய்கிற நாம் இரண்டாவதை அறவே கைவிட்டிருக்கிறோம்.

கோடை முகாம்களைப் பாருங்கள். பள்ளியின் கடைசி மணி அடிப்பதற்குள் துண்டுப் பிரசுரம் கைக்கு வந்துவிடுகிறது. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, சதுரங்கம், கீபோர்டு, களிமண் பொம்மை, ஆங்கிலப் பேச்சு. காலை 9 முதல் 12 வரை. நீர்ப்புட்டியும் தின்பண்டமும் கொண்டுவர வேண்டும். சீருடை கிடையாது, ஆனால் முகாமின் பெயர் அச்சிட்ட பனியன் உண்டு. மணியடித்தால் களிமண்ணை வைத்துவிட்டுக் கீபோர்டுக்கு ஓட வேண்டும். பாதி யானை செய்து வைத்திருந்த குழந்தைக்குத் தும்பிக்கை வைக்க நேரமில்லை. கடைசி நாளில் சான்றிதழ், குழுப் படம், கைதட்டல். இதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தால் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள் என்பதால் முகாம் என்று பெயர்.

நீச்சலை நான் எதிர்க்கவில்லை. ஆழம் தெரியாமல் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கி உயிர்விடும் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தி படிக்கிற மாநிலத்தில் நீச்சல் எல்லாக் குழந்தைக்கும் கற்பிக்கப்பட வேண்டியது. பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளை பாட்டுக்குப் போகட்டும். என் சண்டை கலைகளோடு அல்ல. குழந்தையின் கையில் இருக்கும் ஒரு மணி நேரம் ஏதேனும் ஒரு 'திற'னாக மாற்றப்படாவிட்டால் அது வீண் என்கிற வணிகப் புத்தியோடுதான். ஆறு வயதுக் குழந்தையின் மே மாதத்தை எதிர்காலச் சம்பளத்துக்கான முன்பணமாகப் பார்க்கிற கண், முகாம் நடத்துகிறவருக்கு இருப்பதைக்காட்டிலும் நமக்கே அதிகம் இருக்கிறது. அவர் நாம் கேட்டதை விற்கிறார்.

முகாமுக்குப் பணம் இல்லாத வீட்டிலும், முகாம் முடிந்து திரும்பிய வீட்டிலும் பகலை நிரப்புவது கைபேசி. அது எப்படி உள்ளே வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 20 மாதங்கள் கைபேசிதான் வகுப்பறை. கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்தோம். பள்ளி திறந்தது, கைபேசி மட்டும் பள்ளிக்குத் திரும்பாமல் குழந்தையோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

மருத்துவர்கள் சொல்லாமல் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக்கூடாது, அதற்கும் குறைவாக இருப்பது நல்லது என்கிறது. இந்த வயதில் ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து திரிய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2021இல் இதையொட்டியே எழுதியது. இந்த எண்களை எடுத்துச் சொல்லித் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிய வேலை. எனக்கு அதில் விருப்பமில்லை. கைபேசி கொடுப்பது ஒழுக்கக் குறைவு அல்ல. மேலே சொன்ன பிறவினைக் கொள்கையின் தர்க்கபூர்வமான முடிவு. குழந்தையை மகிழ்விப்பதுதான் நோக்கம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தத் தொழிலில் கைபேசியை வெல்ல எந்தத் தாயாலும் எந்தப் பாட்டியாலும் எந்த முகாமாலும் இயலாது. அது களைப்பதில்லை, கோபிப்பதில்லை, அடுப்பில் பால் பொங்குகிறது என்று பாதியில் எழுந்து போவதில்லை. ஆகவே கைபேசியோடு போட்டி போட முப்பது செயல்பாடுகளைத் தேடுகிறவர்கள் தோற்பதற்கென்றே களம் இறங்குகிறார்கள். போட்டியே தவறு என்று சொல்லி விலகுவதுதான் வழி.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த வழி தெரிந்திருக்க வேண்டும். பட்டினப்பாலையில் ஒரு காட்சி நம் எல்லாருக்கும் பாடம். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவல் இருக்கும் பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். பொன் அணிந்த கால்களோடு ஒரு சிறுவன் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி வருகிறான். எறிந்த குழை அவன் வழியை மறிக்கிறது. பொன்னைக் கல்லாக எறிகிற செல்வச் செழிப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். செல்வத்தை விட்டுவிட்டு அந்த முற்றத்தைப் பாருங்கள். பெரியவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அவள் கண் தானியத்தின்மேல். குழந்தைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதன் கண் தேரின்மேல். அவள் அவனை மகிழ்விக்கவில்லை. அவனும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. இருவரும் ஒரே முற்றத்தில், கூப்பிடு தொலைவில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். குழந்தை வளர்ப்புக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது. தேருக்கு அங்கே வந்த ஒரே இடையூறு பெரியவர்கள் விட்டெறிந்த விலையுயர்ந்த பொருள் என்பதையும் கவனிக்கலாம். நாம் எறிகிற குழைகள் மாதக் கட்டணமாகவும் தொடுதிரையாகவும் இருக்கின்றன.

நற்றிணை 172ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் அழுத்திவைத்த புன்னைக் காழ் ஒன்றைச் சிறுமியர் மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். தாய் அந்த மரத்தைக் காட்டி, இது உன்னைவிடச் சிறந்தது, உன் தங்கை என்கிறாள். பின்னாளில் காதலனோடு அந்த மரத்தடியில் சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று பாட்டு போகிறது. இதில் எனக்கு உயிராகப் படுவது 'மறந்துபோனது' என்பது. அந்த விதையை எவரும் திட்டமிட்டு நடவில்லை. இன்றைய செயல்பாட்டு அட்டையில் இது 'விதை நடுதல்: 30 நிமிடம், பயன்: இயற்கையில் ஆர்வம்' என்று வந்திருக்கும், நட்ட கையோடு படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பியிருப்போம், முளைத்ததா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் தாய் விளையாட்டை ஏற்பாடு செய்யவில்லை. குழந்தைகள் தாமாகச் செய்த ஒன்றைப் பார்த்தாள், அதற்கு ஓர் உறவுப் பெயர் கொடுத்தாள். பெரியவர்களின் பங்கு அவ்வளவு சிறியது; அவ்வளவு பெரியதும்கூட.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் இன்னும் தெளிவு. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று வருகிற முற்பருவங்களில் பெரியவர்கள் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள், கைகொட்டச் சொல்கிறார்கள், முத்தம் கேட்கிறார்கள், அம்புலியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அது விளையாட்டுக் காட்டும் வயது. ஆண்பாலில் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலில் அம்மானை, ஊசல் என்று கடைசிப் பருவங்களுக்கு வந்ததும் குழந்தையின் கையில் பொருள் வந்துவிடுகிறது, செயல் அதனுடையது. சிற்றில் பருவத்தில் பேசுகிறவர்களும் பெரியவர்கள் அல்லர். மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர், நாங்கள் கட்டியதைக் காலால் சிதைக்காதே என்று அந்தப் பிள்ளையிடம் முறையிடுகிறார்கள். பாட்டுடைத் தலைவன் முருகனாகவே இருந்தாலும் மணல்வீட்டுக்கு அதைக் கட்டியவளின் உரிமை உண்டு என்று நம் புலவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாமோ, வரவேற்பறையில் தலையணைகளால் கட்டிய வீட்டை "விருந்தாளி வருகிறார்கள், எடு" என்று ஒரு சொல்லில் இடிக்கிறோம்.

உலகம் சட்டமாக எழுதியதும் இதையேதான். ஐக்கிய நாடுகள் அவை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாகச் சொல்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அந்தப் பிரிவுக்கு 2013இல் வெளியான விளக்கவுரை, விளையாட்டு என்பது குழந்தைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே வடிவமைத்துக்கொள்வது என்ற பொருள்பட வரையறுக்கிறது. தன்வினை என்று நான் சொல்வதும் இதையே. அந்த வரையறைப்படி நம் முகாம்களில் நடப்பது விளையாட்டே அல்ல.

இந்த இடத்தில் இலக்கிய அன்பர்கள் சிலர் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள் என்று அறிவேன். அந்தக் காலத்தில் நாங்கள், தாத்தா வீடு, மாந்தோப்பு, பம்புசெட்டு, கோலி, கிட்டிப்புள், நிலாச்சோறு என்று கட்டுரைகள் தயாராக இருக்கும். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு.

அந்த மாந்தோப்பில் யாரெல்லாம் விளையாடினார்கள்? தோப்புக்கு வேலியாக இருந்த ஊர்க் கட்டுப்பாடு சேரிப் பிள்ளைகளை உள்ளே விட்டதா? அதே கோடையில் அவர்களில் பலர் மாடு மேய்க்கவும் தீப்பெட்டி ஒட்டவும் செங்கல் சுமக்கவும் போனார்கள். பத்து வயதுப் பெண்பிள்ளை கிட்டிப்புள் ஆடியதைவிடத் தம்பியை இடுப்பில் சுமந்த நேரம் அதிகம். தாத்தா வீட்டில் பதினைந்து பேரப்பிள்ளைகள் ஒரு மாதம் தின்று களித்தார்கள் என்றால் அடுப்படியில் ஒரு மாதம் வெந்தவள் பாட்டி; கூடவே மருமகள்கள். விடுமுறை என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தவில்லை. பட்டினப்பாலை பாடிய அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்த தேர் அது. அதை உருட்டிக் களைத்துச் செவிலியின் பால் குடித்துப் படுக்கையில் உறங்குகிறவர்களோ வேறு வீட்டுப் புதல்வர்கள். செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆசை, வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்குத் தேர். அந்தப் பொற்காலத்திலும் விளையாட்டு எல்லார்க்கும் ஒன்றாக வாய்க்கவில்லை. எனவே பழைய கோடையை அப்படியே திருப்பிக் கேட்பவர்களுடன் நான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைமையைப் பற்றி உருகி எழுதும் ஆண் எழுத்தாளர்களில் பலர் அந்தக் கட்டுரையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறார்கள். வெளியே அவர்களுடைய குழந்தை "அப்பா எழுதுறார், சத்தம் போடாதே" என்று அதட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதட்டுகிற வேலையும் அம்மாவுடையது. விடுமுறையில் பிள்ளைகளை மகிழ்விப்பது எப்படி என்ற கேள்வி எல்லா இதழ்களிலும் பெண்கள் பக்கத்தில் அச்சாகிறதே, அது ஏன் என்று எந்த இலக்கியக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? பிறவினைக் கொள்கையால் நசுங்குவது குழந்தை மட்டும் அல்ல. சமையலோடும் அலுவலகத்தோடும் சேர்த்துக் கேளிக்கைத் துறையையும் தாயின் தலையில் ஏற்றியிருக்கிறோம். அவள் களைத்துக் கைபேசியை நீட்டினால் அறிவுரை சொல்ல ஊரே திரண்டுவிடுகிறது.

சரி, என்னதான் செய்வது? மேமாதக் கத்திரி வெயிலில் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவே குழந்தையை வெளியே விட முடியாது. வீடோ இரண்டு அறை. மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் நிறைய இருக்கிறது. அதைத் தொடவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் வீட்டு வேலை. குழந்தைக்குப் பொம்மை அடுப்பு வாங்கித் தருகிறோம். உண்மையான அடுப்படிக்குள் விடமாட்டோம். நான்கு வயதுக் குழந்தையால் பட்டாணி உரிக்க முடியும், கறிவேப்பிலை உருவ முடியும், பூண்டைப் பல்லாகப் பிரிக்க முடியும், நனைந்த கைக்குட்டையைக் கொடியில் போட முடியும். மெதுவாகத்தான் செய்யும், பாதி சிந்தும். மொட்டை மாடியில் வற்றல் போடுகிற வீட்டில் காக்கை ஓட்டும் பொறுப்பைக் காலை வெயில் ஏறும் முன் அரை மணி நேரம் ஒப்படைத்துப் பாருங்கள். மாவு பிழிகிற கையைப் பார்த்துக்கொண்டும், இடையில் பச்சை மாவைத் தின்றுகொண்டும், காக்கையோடு சண்டை போட்டுக்கொண்டும் அது இருக்கும். தன் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அறிகிற இன்பத்தை எந்தச் செயல்பாட்டு அட்டையும் தராது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை வேறுபாடு இதில் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

அடுத்தது பொருள்கள். விலை கொடுத்து வாங்கிய பொம்மை ஒன்றாக மட்டுமே இருக்கத் தெரிந்தது. கார் என்றால் கார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி காலையில் கப்பல், மதியம் கடை, மாலையில் சிறை. பழைய சேலை ஒன்றை இரண்டு நாற்காலிகளுக்கு மேல் போட்டால் கூடாரம். தெத்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய, தமிழிலும் பலர் படித்து மகிழ்ந்த, டோட்டோ சான் நூலில் கோடை விடுமுறையின்போது தலைமையாசிரியர் கோபயாஷி பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குள்ளேயே கூடாரங்களை அடித்து இரவு தங்கவைத்தார். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. புளியங்கொட்டை, சோழி, தீப்பெட்டிக் கூடு, தேங்காய்ச் சிரட்டை, ஒரு வாளித் தண்ணீர், இவற்றோடு சேலைக் கூடாரம் கலையாமல் இரண்டு நாள் நிற்பதற்கான அனுமதியும் வேண்டும். இந்த அனுமதிதான் பல வீடுகளில் கிடைப்பதில்லை. வீடு விருந்தினர் பார்வைக்கான காட்சிக்கூடமாக இருக்கும்வரை குழந்தைக்கு அங்கே இடமில்லை.

விளையாட்டுகள் நம்மிடம் ஏராளம். தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு நூலே எழுதி, பகலாட்டு, இரவாட்டு என்றும், ஆண்பால், பெண்பால், இருபால் என்றும் வகுத்துவைத்தார். ஆண், பெண் பிரிவினையைத் தள்ளிவிட்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். பல்லாங்குழியின் 14 குழிகளும் ஒன்றிரண்டு எண்ணத் தெரிந்த குழந்தைக்குப் போதும். காலியான குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கு முத்தானதும் 'பசு' என்று கூவி எடுக்கிற மகிழ்ச்சிக்காகவே அது கூட்டலைக் கற்றுக்கொள்ளும். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு 15 ஆடு. வலியவனை எளியவர்கள் கூடி நின்று அடைத்துவிடலாம் என்பதை விளக்கவுரை இல்லாமல் கல்லை நகர்த்தியே அறிகிறார்கள். ஆனால் இவற்றையும் 'பாரம்பரிய விளையாட்டுப் பயிலரங்கு' ஆக்கிக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருமுறை ஆடிக்காட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். விதியை மாற்றுவார்கள், அழுகுணி ஆட்டம் ஆடுவார்கள், சண்டை வரும். ரத்தம் வராத சண்டைக்குப் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். விதி என்பது மனிதர்கள் பேசி ஒப்புக்கொள்வது என்று குடிமகன் முதன்முதலாகக் கற்கிற இடம் அது.

இதற்கெல்லாம் வேண்டியது இன்னொரு குழந்தை. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில் பெற்றோர் முப்பது வித்தை காட்டியும் நடக்காதது எதிர்வீட்டுக் குழந்தை உள்ளே வந்தவுடன் நடந்துவிடும். ஆயினும் நாம் கதவைத் திறப்பதில்லை. எதிர்வீட்டார் யார், என்ன சாதி, என்ன சாப்பிடுகிறார்கள், நம் பிள்ளை கெட்ட வார்த்தை கற்றுவிடுமோ என்கிற கணக்குகள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச் சங்கங்கள் கார்களுக்கு எண் எழுதிய இடம் ஒதுக்கிவிட்டு, 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டுகின்றன. வீட்டுக் காவலாளியின் பிள்ளைகள் அந்த வளாகத்தில்தான் வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளோடு அவர்கள் விளையாடுவதைக் கண்டால் நமக்கு முகம் மாறுகிறது. நாமே தனிமைச் சிறை கட்டிவிட்டு, உள்ளே இருக்கிறவரை மகிழ்விக்க வழி கேட்டால் எப்படி?

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்குமா என்பது நேர்மையான கேள்வி. தனி வீட்டால் நடக்காது. நான்கு வீடு சேர்ந்தால் நடக்கும். ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, அன்று நான்கு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே என்று முறை வைத்துக்கொள்ளலாம். அந்த விடுப்பை எடுப்பதில் அப்பாக்களும் சேர வேண்டும். விடுப்பு எடுத்தால் கூலி போகிற வீடுகளுக்கு இதுவும் உதவாது. அங்கே பொது ஏற்பாடுதான் வழி. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பகுதிகள் உண்டு. நல்லது. ஊர்தோறும் இருக்கும் கிளை நூலகங்களில் மே மாதம் மட்டுமாவது ஒரு பாயும் மின்விசிறியும் கதை சொல்ல ஒருவரும், பகல் முழுதும் திறந்த கதவும் வேண்டும் என்று கேட்பதற்கு நம்மைப் போன்ற வாசகர்களைவிட உரியவர்கள் யார்? இலக்கியக் கூட்டத்துக்கு அரங்கு கேட்டு மனுப் போடுகிறோமே, அதில் பாதி ஆர்வம் போதும்.

கடைசியாகச் சலிப்பு. "போரடிக்குதும்மா" என்று குழந்தை வந்து நின்றால் வீடே பதறுகிறது. எதற்குப் பதற வேண்டும்? சலிப்பு நோய் அல்ல. விதை மண்ணுக்குள் இருக்கும் காலம் போன்றது. அதை நாம் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் குழந்தை பத்தாவது நிமிடம் எதையாவது கண்டுபிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை ஒருபோதும் கண்டிராத பிள்ளைகள் பதினேழு வயதில் என் வகுப்புக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஒரு கவிதையைக் கொடுத்து, எதையும் எழுத வேண்டாம், சற்று நேரம் சும்மா வைத்துப் படியுங்கள் என்றால் கை நடுங்குகிறது. "மேடம், இதுல என்ன எழுதணும்?" என்கிறார்கள். கவிதையோடு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாததற்கு யாப்பு தெரியாதது காரணம் அல்ல. யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாததே காரணம். வாசகர்கள் குறைந்துவிட்டார்கள், சிற்றிதழ்கள் நின்றுபோகின்றன என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கலாய்க்கிறோம். சும்மா இருக்கத் தெரியாதவன் எப்படி வாசகனாவான்? வாசிப்பதற்கு வேண்டிய முதல் மூலதனம் நிரப்பப்படாத நேரம். அதைக் குழந்தையிடமிருந்து மூன்று வயதிலேயே பிடுங்கிக்கொள்கிறோம்.

ஆகவே இந்தக் கோடைக்கு நான் கேட்பவை சில. அட்டவணை போடாதீர்கள். கைபேசியைப் பெரியவர்களும் பகலில் சில மணி நேரம் எடுத்துவையுங்கள். தாம் பார்த்துக்கொண்டே குழந்தையைப் பார்க்காதே என்பது செல்லாது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பிள்ளையை அழைத்துவாருங்கள். வரவேற்பறையின் ஒரு மூலையை ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குத் தெருவிலோ மாடியிலோ அவர்களை விட்டுவிட்டுத் தந்தையர் அருகே அமர்ந்து தம் வேலையைப் பார்க்கட்டும், அது கீரை ஆய்வதாக இருந்தாலும் புத்தகம் படிப்பதாக இருந்தாலும். அன்றிரவு குழந்தை தான் செய்த ஒன்றைக் காட்ட வந்தால், அதிலிருந்து என்ன கற்றாய் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன அது என்று கேளுங்கள்; அது சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.